பழைய சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்கள்: எல்1டிஎஃப் ஓட்டையைச் சோதித்து அடைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கணினி சர்வீஸ் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைமாறி வந்த டெல் பவர்எட்ஜ் ஆர்720 சர்வர் ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டியில் பல கணினிகளை ஓட்ட உதவும் லினக்ஸ் அமைப்பு) போட்டு, ஆறு விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன தனித்தனிக் கணினிகளை, ஓட்டுகிறார்கள். ஒன்றில் ஜவுளிக்கடை பில்லிங். இன்னொன்றில் கானாடுகாத்தான் விடுதியின் அறைப் பதிவு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையின் இணையதளம் ஒன்றில், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் எட்டிப் பார்க்கும் குடும்பக் கணக்கு டாலி ஒன்றில். ஐந்தாவது பேக்கப்புக்கு. ஆறாவதில் கல்லூரி மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் செய்ய ரூட் (முழு அதிகார) அனுமதியோடு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஆறாவது மெஷின்தான் இந்த வழிகாட்டிக்குக் காரணம். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் என்பதல்ல. அவர்கள் இணையத்திலிருந்து இறக்கி ஓட்டும் ஏதோ ஒரு நிரலுக்கு அந்த மெஷினுக்குள் முழு அதிகாரமும் இருக்கிறது. பக்கத்து மெஷினில் ஜவுளிக்கடையின் வங்கிக் கடவுச்சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஹோஸ்ட் கர்னல், அதாவது சர்வரையே இயக்கும் மைய மென்பொருள், எழுப்பும் சுவர் மட்டுமே. ஹோஸ்ட் கர்னல் பழசாக இருந்தால் அந்தச் சுவர் இல்லை.

கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

ஓட்டை எங்கே இருக்கிறது

எல்1டிஎஃப் என்பது எல்1 டெர்மினல் ஃபால்ட் என்பதன் சுருக்கம். 2018 ஆகஸ்ட் 14 அன்று வெளியே வந்தது. கண்டுபிடித்த ஆய்வாளர்கள் இதற்கு ஃபோர்ஷேடோ என்று பெயர் வைத்தார்கள். சிவிஇ என்ற பொது ஓட்டைப் பட்டியலில் மூன்று எண்களில் பதிவாகியிருக்கும் இதில் விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது சிவிஇ-2018-3646.

பிழை இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கிறது, அடைப்பு கர்னலிலும் மைக்ரோகோடிலும் (ப்ராசஸரின் உள் நிரல்) இருக்கிறது. ப்ராசஸர் ஒரு நினைவக முகவரியைத் தேடும்போது பேஜ் டேபிள் என்ற முகவரி அட்டவணையில் உள்ள பதிவைப் பார்க்கும். அந்தப் பதிவில் 'ப்ரசென்ட்' பிட் இல்லையென்றால் அந்தப் பக்கம் செல்லாது, அங்கேயே ஃபால்ட் வந்து நின்றுவிட வேண்டும். பாதிக்கப்பட்ட ப்ராசஸர்களில் ஃபால்ட் வந்து சேர்வதற்குள், ஊகத்தின் பேரில் வேலை முன்னே ஓடிவிடுகிறது. செல்லாத பதிவில் எழுதியிருக்கும் முகவரியை அப்படியே எடுத்து, அந்தத் தரவு எல்1 டேட்டா கேஷில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகம்) இருந்தால் படித்தும்விடுகிறது. படித்த மதிப்பு பிறகு தூக்கி எறியப்பட்டாலும் கேஷில் அதன் தடம் நின்றுவிடும். நேரத்தை அளந்தே அந்தத் தடத்திலிருந்து மதிப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் இது இன்னும் மோசம். கெஸ்ட் (அதாவது விர்ச்சுவல் மெஷின்) முகவரியை ஹோஸ்ட் முகவரியாக மாற்ற இபிடி என்ற இரண்டாம் அட்டவணை இருக்கிறது. கெஸ்ட்டைத் தன் எல்லைக்குள் அடைத்து வைப்பது அதுதான். செல்லாத பதிவில் ஊகம் ஓடும்போது இந்த இரண்டாம் அட்டவணையைப் பார்க்காமலே போகிறது. கெஸ்ட் தன் பேஜ் டேபிளில் எந்த எண்ணை எழுதுகிறதோ, அது நேராக ஹோஸ்டின் நிஜ முகவரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தன் பேஜ் டேபிளில் எதை வேண்டுமானாலும் எழுத, கெஸ்டுக்குள் ரூட்டாக இருப்பவருக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை.

செட்டிநாட்டு வீட்டில் வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், தனி அறை, தனிப் பூட்டு. வளவு மட்டும் எல்லோருக்கும் பொது. அறைக்குள் இருப்பதை யாரும் பார்க்க முடியாது, வளவில் கொண்டுவந்து பரப்பியதை எல்லோரும் பார்க்கலாம். எல்1 கேஷ் அந்த வளவு. இந்தத் தலைமுறை ஜியானில் ஒரு கோருக்கு 32 கேபி அளவுதான். ஆனால் கடவுச்சொல், சாவி, கார்டு எண் என்று ப்ராசஸர் கையாளும் ஒவ்வொன்றும் கையாளும் நேரத்தில் அங்கே வந்துதான் போகும்.

ஹைப்பர்த்ரெடிங் இயங்கினால் ஒரே கோரில் இரண்டு த்ரெட்கள் ஓடும், இரண்டுக்கும் எல்1 ஒன்றுதான். ஒரு த்ரெட்டில் மாணவர் மெஷின், இன்னொன்றில் பில்லிங் மெஷின் என்று அமைந்துவிட்டால், பில்லிங் எதைத் தொட்டாலும் அந்த நொடியே அது மாணவர் மெஷினின் எட்டும் தூரத்தில் இருக்கும். கடைசியில் எடுக்க வேண்டிய கடினமான முடிவு இதைப் பற்றித்தான். அங்கே பிறகு வருவோம்.

ஏஎம்டி ப்ராசஸர்களுக்கு எல்1டிஎஃப் இல்லை. ஆர்720, ஆர்730 சர்வர்களில் வரும் ஜியான் இ5-2600 வரிசை முழுவதற்கும் உண்டு.

முதலில் படிப்பது, பிறகு தொடுவது

ஹோஸ்டில் ரூட்டாக நுழைந்து மூன்று விஷயங்களைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'யூநேம் -ஆர்' இப்போது ஓடும் கர்னலைக் காட்டும். 'எல்எஸ்சிபியு' ப்ராசஸர் மாடலையும், ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்பதையும் காட்டும். மூன்றாவதுதான் முக்கியம்:

க்ரெப் . /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/வல்னரபிலிட்டீஸ்/*

ஒவ்வொரு ஓட்டைக்கும் கர்னல் தானே தரும் வாக்குமூலம் இது. இந்த அடைவே இல்லையென்றால் கர்னல் 2018-க்கு முந்தையது. மேற்கொண்டு படிக்காமல் நேரே அப்டேட் பகுதிக்குப் போய்விடலாம். இருந்தால் 'எல்1டிஎஃப்' வரியைப் பாருங்கள்.

'வல்னரபிள்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் வந்தால் எந்தத் தடுப்பும் இல்லை.

'மிட்டிகேஷன்: பிடிஇ இன்வெர்ஷன்' என்று மட்டும் வந்தால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பிடிஇ இன்வெர்ஷன் ஹோஸ்டில் ஓடும் சாதாரண நிரல்களிடமிருந்துதான் காக்கும், விர்ச்சுவல் மெஷின்களிடமிருந்து காக்காது. கேவிஎம்-இன்டெல் மாட்யூல் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கர்னல் பகுதி) இன்னும் ஏறாத நேரத்தில் பார்த்தாலும் இவ்வளவுதான் காட்டும். ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள்.

'விஎம்எக்ஸ்: கண்டிஷனல் கேஷ் ஃப்ளஷஸ், எஸ்எம்டி வல்னரபிள்' என்று சேர்ந்து வந்தால் பாதி வேலை முடிந்திருக்கிறது. கெஸ்டுக்குள் நுழைவதற்கு முன், தேவையான இடங்களில் கர்னல் எல்1 கேஷைக் கழுவிவிடுகிறது. ஹைப்பர்த்ரெடிங் (கர்னல் எஸ்எம்டி என்று சொல்வது இதைத்தான்) வழியாக வரும் ஆபத்து அப்படியே நிற்கிறது.

'எஸ்எம்டி டிசேபிள்டு' என்று முடிந்தால் எல்1டிஎஃப்பைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

அதே பட்டியலில் 'எம்டிஎஸ்', 'ஐடிஎல்பி_மல்டிஹிட்' இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எம்டிஎஸ் 2019 மே மாதம் வந்தது. ப்ராசஸரின் உள் பஃபர்களிலிருந்து கசிகிற இன்னொரு ஓட்டை அது. 'கிளியர் சிபியு பஃபர்ஸ் அட்டெம்ப்டட், நோ மைக்ரோகோடு' என்று இருந்தால், கர்னல் தன் பங்கைச் செய்தும் ப்ராசஸர் ஒத்துழைக்கவில்லை என்று பொருள். ஐடிஎல்பி மல்டிஹிட் 2019 நவம்பரில் வந்தது. அதில் தகவல் திருட்டு இல்லை. ஒரு கெஸ்ட் நினைத்தால் ஹோஸ்ட் முழுவதையும் உறைய வைத்துவிடலாம், ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். மைக்ரோகோடால் அதைச் சரிசெய்ய முடியாது. கேவிஎம் பெரிய பக்கங்களை உடைத்துக் கையாள்வதுதான் வழி. 'ஸ்ப்ளிட் ஹ்யூஜ் பேஜஸ்' என்று தெரிந்தால் சரி.

இன்னும் ஒன்று. 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' கொடுத்து, அதில் 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் வேகமாகும் என்று எங்கோ படித்துவிட்டு யாரோ ஒருமுறை சேர்த்தது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். இருந்தால் எந்த அப்டேட்டும் உதவாது. எல்லாத் தடுப்பையும் அது ஒட்டுமொத்தமாக அணைத்துவிடும்.

நாள் பார்ப்பது

ஒரே சர்வர் என்பதால் ரீபூட் செய்யும்போது ஆறு மெஷினும் நிற்கும். மாதத்தின் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. அவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களைத் தொடாதீர்கள். ஜவுளிக்கடைக்கு முகூர்த்த மாதங்களின் வார இறுதி ஆகாது. விடுதிக்கு மார்கழி, தை ஆகாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் நடுவே மின்சாரம் போனால் மதர்போர்டே போய்விடும். யூபிஎஸ் பேட்டரி சர்வரை எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை அதன் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாமல், ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பேக்கப் வெளி டிஸ்கில் இருக்க வேண்டும். ஐந்தாவது விர்ச்சுவல் மெஷின்தான் பேக்கப் என்றால், அது காக்க வேண்டிய பெட்டிக்குள்ளேயே அதுவும் இருக்கிறது. ஒவ்வொரு மெஷினையும் ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் கட்டளையான 'விஇசட்டம்ப்' கொண்டு வெளி டிஸ்குக்கு எடுங்கள். அதில் சிறியதாக ஒன்றை வேறு எண்ணில் மீட்டு, பூட் ஆகிறதா என்று பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி ரீபூட் செய்யக் கூடாது.

சர்வர் முன்னால் கீபோர்டும் மானிட்டரும் இருக்க வேண்டும், அல்லது ஐட்ராக் (டெல் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி) கன்சோல் திறந்திருக்க வேண்டும். பல மாதம் அணைக்காத பழைய சர்வர் ரீபூட்டில் பிடிவாதம் பிடிக்கும். சிமாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும், ரெய்டு கார்டின் பேட்டரி எச்சரிக்கை வரும், 'எஃப்1 அழுத்தவும்' என்று திரை காத்துக்கொண்டே நிற்கும். தேவகோட்டையில் உட்கார்ந்து எஸ்எஸ்எச்சில் 'ரீபூட்' தட்டியவருக்கு இவை எதுவும் தெரியாது. சர்வர் செத்துவிட்டது என்றுதான் தோன்றும். சிஆர்2032 பேட்டரி ஒன்றைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கர்னல், மைக்ரோகோடு, பயாஸ்

ப்ராக்ஸ்மாக்ஸில் கர்னல் பழசாகவே கிடக்க ஒரு எளிய காரணம் உண்டு. நிறுவியதும் அது கட்டணச் சந்தாவுக்கான எண்டர்ப்ரைஸ் ரெப்பாசிட்டரியைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும். சந்தா இல்லாதவர் 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால் 401 பிழை வரும். மற்ற டெபியன் பொதிகள் வந்துவிடுவதால் அந்தச் சிவப்பு வரியை யாரும் கவனிப்பதில்லை, கர்னல் மட்டும் வருவதே இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸின் ரெப்பாசிட்டரி பக்கத்தில் எண்டர்ப்ரைஸை அணைத்துவிட்டு, 'நோ-சப்ஸ்கிரிப்ஷன்' ரெப்பாசிட்டரியைச் சேருங்கள்.

பிறகு 'ஆப்ட் அப்டேட்', அடுத்து 'ஆப்ட் டிஸ்ட்-அப்கிரேட்'. வெறும் 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' இங்கே போதாது. புதிய கர்னல் புதிய பெயருள்ள பொதியாக வருகிறது. புதுப் பொதி எதையும் கூடுதலாக நிறுவாத கட்டளை அதைத் தவிர்த்துவிடக்கூடும்.

அதற்கு முன் 'டிஎஃப் -எச் /பூட்' கொடுத்து இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட் பகுதி நிறைந்திருந்தால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டுக்குத் தேவையான துணைக் கோப்பு) பாதியில் எழுதப்பட்டு, அடுத்த பூட்டில் கர்னல் பேனிக் ஆகும். பழைய கர்னல்களை நீக்கலாம், ஆனால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மட்டும் கட்டாயம் விட்டுவையுங்கள். புதியது எழாவிட்டால், பூட் ஆகும்போது வரும் க்ரப் பட்டியலில் நீங்கள் திரும்பிப் போக வேண்டிய இடம் அதுதான்.

சென்ட்ஓஎஸ் 7-இல் கேவிஎம் ஓட்டுபவர்களுக்கு: அதன் ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. உபுண்டு 18.04-இன் வழக்கமான ஆதரவு 2023 மே மாதம் முடிந்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் 7-க்கு 2024 ஜூலையில் முடிந்தது. இவற்றில் எல்1டிஎஃப்புக்கான அடைப்பு இருக்கும், பிறகு வந்தவற்றுக்கு இருக்காது. அடுத்த பதிப்புக்கு மாறுவதுதான் வழி.

அடுத்து மைக்ரோகோடு. ப்ராசஸருக்குள் ஏற்றப்படும் திருத்தம் இது. எல்1 கேஷை ஒரே கட்டளையில் கழுவும் வசதியை இதுதான் தருகிறது. இது இல்லாமலும் கர்னல் மென்பொருள் வழியாகக் கேஷை நிரப்பித் தள்ளும், ஆனால் அது மெதுவான வழி. எம்டிஎஸ்ஸுக்கோ மைக்ரோகோடு இல்லாமல் தீர்வே இல்லை. பொதியின் பெயர் 'இன்டெல்-மைக்ரோகோடு'. டெபியன் 12 முதல் அது 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' பிரிவில் இருக்கிறது. பழைய டெபியனிலிருந்து ஏறி வந்தவர்கள் சோர்சஸ் கோப்பில் இந்தப் பிரிவைச் சேர்க்க மறந்தால் பொதி கிடைக்காது. நிறுவிய பிறகு சர்வரை ரீபூட் செய்துதான் ஏற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றும் வழி ஒன்று உண்டு, அதைக் கர்னல்காரர்களே பரிந்துரைப்பதில்லை.

பயாஸில் மைக்ரோகோடு சேர்ந்து வரும் என்பதால் டெல் தளத்திலிருந்து உங்கள் சர்வீஸ் டேகுக்கு உரிய கடைசிப் பதிப்பைப் போடுவதும் நல்லது. ஆனால் பயாஸையும் கர்னலையும் ஒரே ரீபூட்டில் மாற்றாதீர்கள். எழவில்லையென்றால் குற்றவாளி யார் என்று தெரியாது. முதல் ரீபூட் கர்னலுக்கும் மைக்ரோகோடுக்கும். எல்லாம் சரியென்று உறுதியான பிறகு, இன்னொரு இரவில் பயாஸ்.

ஆர்710 போன்ற அதற்கும் முந்தைய சர்வர்களில் ஜியான் 5500, 5600 வரிசை இருக்கும். எம்டிஎஸ்ஸுக்கான மைக்ரோகோடு சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்துதான் வந்தது. அந்தப் பெட்டிகளில் வேறொருவருக்கு ரூட் கொடுக்கும் மெஷினை வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ரீபூட்டுக்குப் பிறகு 'யூநேம் -ஆர்' புதிய எண்ணைக் காட்டுகிறதா என்று பாருங்கள். 'ஜர்னல்சிடிஎல் -கே' வெளியீட்டில் 'மைக்ரோகோடு' என்று தேடி ரிவிஷன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்பு எழுதி வைத்த பட்டியலையும் இப்போதைய பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

ஹைப்பர்த்ரெடிங்கை அணைப்பதா?

கெஸ்டுக்குள் நுழையும் கணத்தில்தான் கர்னல் கேஷைக் கழுவுகிறது. நுழைந்த பிறகு அதே கோரின் மற்ற த்ரெட் மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கழுவுவது மட்டும் போதாது.

முடிவு யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லா மெஷின்களும் ஒரே முதலாளியுடையவை, எல்லாவற்றுக்கும் ரூட் உங்கள் கையில் மட்டும், வெளியிலிருந்து யாரும் நிரல் ஏற்ற முடியாது என்றால், கண்டிஷனல் ஃப்ளஷ் போதும் என்று இருக்கலாம். இணையதள மெஷின் ஒன்று இருந்தாலே இந்தக் கணக்கு மாறுகிறது. ஒரு பழைய வேர்ட்பிரஸ் ப்ளக்இன் வழியாக உள்ளே வந்தவர் ரூட் ஆகிவிட்டால் அவரும் உங்கள் குடித்தனக்காரர்தான். வேறொருவருக்கு ரூட் கொடுத்திருந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை, அணையுங்கள்.

முதலில் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம்:

எக்கோ ஆஃப் > /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/எஸ்எம்டி/கன்ட்ரோல்

மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். நமது எடுத்துக்காட்டுச் சர்வரில் இ5-2650 வி2 இரண்டு இருக்கின்றன. ஆளுக்கு 8 கோர், மொத்தம் 16 கோர், 32 த்ரெட். அணைத்ததும் சிபியு 16 முதல் 31 வரை மறைந்து 16 மட்டும் நிற்கும். ஆறு மெஷின்களுக்கும் கொடுத்த விசிபியுக்களை (விர்ச்சுவல் சிபியு) கூட்டுங்கள்: பில்லிங் 6, விடுதி 4, இணையதளம் 4, டாலி 4, பேக்கப் 2, மாணவர் 4, ஆக 24. பதினாறு கோருக்கு இருபத்து நான்கு என்பது இப்படிப்பட்ட வேலைக்குத் தாங்கும், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவதில்லை. லினக்ஸ் கெஸ்டுக்குள் 'டாப்' திறந்து 'எஸ்டி' என்ற எண்ணைப் பாருங்கள். கேட்ட சிபியு கிடைக்காமல் காத்திருந்த நேரத்தின் சதவீதம் அது. கடை நேரத்தில் அது வெகுநேரம் 5-ஐத் தாண்டி நின்றால் யாருடைய விசிபியுவையாவது குறைக்க வேண்டும். பில்லிங்குக்கு 6 கொடுத்தது அநேகமாக அதிகம்.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள். /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் வரிக்குள் 'மிட்டிகேஷன்ஸ்=ஆட்டோ,நோஎஸ்எம்டி' சேர்த்து 'அப்டேட்-க்ரப்' கொடுங்கள். எல்1டிஎஃப், எம்டிஎஸ் இரண்டுக்கும் இது சேர்ந்தே பொருந்தும். ப்ராக்ஸ்மாக்ஸை யூஇஎஃப்ஐ, இசட்எஃப்எஸ் முறையில் நிறுவியவர்களுக்கு இந்தக் கோப்பை மாற்றுவதால் எதுவும் நடக்காமல் போகலாம். அங்கே /ஈடிசி/கர்னல்/சிஎம்டிலைன் கோப்பில் சேர்த்து, 'ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ரிஃப்ரெஷ்' கொடுக்க வேண்டும். எது என்று சந்தேகமிருந்தால் ரீபூட்டுக்குப் பின் /ப்ராக்/சிஎம்டிலைன் உண்மையைச் சொல்லிவிடும்.

அணைத்த பிறகு வழக்கமாக வரும் சிக்கல்கள் இரண்டு. குறிப்பிட்ட சிபியு எண்களில் மட்டும் ஓடும்படி 'பின்' செய்து வைத்த மெஷின், அந்த எண்கள் எல்லாம் மறைந்துவிட்டால் துவங்காது. பின் அமைப்பைத் திருத்துங்கள். இன்னொன்று, ஒரே மெஷினுக்கு 16-க்கு மேல் விசிபியு கொடுத்திருந்தால், இந்த நோடில் இவ்வளவுதான் அனுமதி என்று ப்ராக்ஸ்மாக்ஸ் மறுத்துவிடும்.

அணைக்கவே முடியாத அளவுக்குச் சுமை இருந்தால் ஒரு இடைவழி உண்டு. மாணவர் மெஷினுக்கு முழுக் கோர்களாக ஒதுக்கிவிடுவது. எந்த இரண்டு எண்கள் ஒரே கோர் என்பதை ஒவ்வொரு சிபியுவின் 'டோப்பாலஜி' அடைவில் உள்ள 'த்ரெட்_சிப்ளிங்ஸ்_லிஸ்ட்' கோப்பு சொல்லும். நமது சர்வரில் 12-க்கு ஜோடி 28, 14-க்கு ஜோடி 30. மாணவர் மெஷினை 12,14,28,30 என்று பின் செய்யுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் 7.3 முதல் 'அஃபினிட்டி' என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. பாதி வேலை இதுதான். மற்ற ஐந்து மெஷின்களையும் 0-11,13,15-27,29,31 என்று கட்டினால்தான் மீதி முடியும். பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். அப்போது பில்லிங் மெஷின் எந்த நேரமும் 28-ஆம் எண்ணில் வந்து உட்காரலாம். இரண்டையும் செய்தாலும் ஹோஸ்டின் சொந்த வேலைகளும் இன்டரப்ட்களும் அந்தக் கோர்களில் வரவே செய்யும். மெஷினிடமிருந்து மெஷினைக் காக்கும் வழி இது, ஹோஸ்டை முழுதாகக் காக்காது. கர்னல் 5.14-இல் வந்த கோர் ஷெட்யூலிங்குக்கும் இதே வரம்பு உண்டு.

கெஸ்ட்களுக்குள் செய்ய வேண்டியது

ஹோஸ்டை அடைத்தால் மெஷின்களுக்கு நடுவே உள்ள சுவர் நிற்கும். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு பயனரிடமிருந்து இன்னொருவரைக் காப்பது அந்த மெஷினின் கர்னல் வேலை. அதற்குப் புதிய மைக்ரோகோடு வசதிகள் கெஸ்டுக்குத் தெரிய வேண்டும். சிபியு வகை 'கேவிஎம்64' என்று இருந்தால் தெரியாது. மெஷினின் ப்ராசஸர் அமைப்பில் வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றுங்கள், அல்லது 'எம்டி-கிளியர்', 'பிசிஐடி', 'ஸ்பெக்-சிடிஆர்எல்', 'எஸ்எஸ்பிடி' கொடிகளை (சிபியு வசதிகளுக்கான குறிகள்) தனித்தனியாக இயக்குங்கள். விண்டோஸ் மெஷினில் சிபியு வகையை மாற்றும்போது, உரிமத்தை வன்பொருள் அடையாளத்தோடு கட்டியிருக்கும் மென்பொருள்கள் மறுபடி உரிமம் கேட்கலாம். கணக்கு மெஷினில் கை வைக்குமுன் உரிம விவரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பின் மெஷினுக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது. ஹோஸ்டில் அந்த மெஷினை ஓட்டும் க்யூஇஎம்யு ப்ராசஸ் பழைய கொடிகளோடுதான் தொடர்ந்து ஓடும். முழுதாக ஷட்டவுன் செய்து, ப்ராக்ஸ்மாக்ஸ் திரையிலிருந்து ஸ்டார்ட் கொடுங்கள்.

கெஸ்டுக்குள் எம்டிஎஸ் வரியில் 'எஸ்எம்டி ஹோஸ்ட் ஸ்டேட் அன்நோன்' என்று வருவது பிழையல்ல. ஹோஸ்டில் என்ன அமைப்பு என்று கெஸ்டுக்குத் தெரிய வழியில்லை, அதைத்தான் சொல்கிறது. விண்டோஸில் பவர்ஷெல்லுக்கான ஸ்பெகுலேஷன்கன்ட்ரோல் மாட்யூலை நிறுவி, 'கெட்-ஸ்பெகுலேஷன்கன்ட்ரோல்செட்டிங்ஸ்' கொடுத்தால் நிலை தெரியும். டெபியன், உபுண்டுவில் 'ஸ்பெக்டர்-மெல்ட்டவுன்-செக்கர்' பொதியை ஹோஸ்டிலும் கெஸ்டிலும் ஓட்டலாம். இணையத்தில் கிடக்கும் தாக்குதல் நிரலை இறக்கி வாடிக்கையாளர் தரவு இருக்கும் சர்வரில் சோதிக்க வேண்டாம்.

கூடவே கவனிக்க வேண்டியவை

நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன், அதாவது கெஸ்டுக்குள் இன்னொரு விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதி, தேவையில்லையென்றால் அணையுங்கள். கர்னல் 4.20 முதல் இன்டெலில் அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. /ஈடிசி/மோட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பில் 'ஆப்ஷன்ஸ் கேவிஎம்_இன்டெல் நெஸ்டட்=என்' எழுதி ரீபூட் செய்தால் போதும். கேவிஎம்மின் மிகச் சிக்கலான நிரற்பகுதிகளில் ஒன்றை வெளியாளுக்குத் திறந்து வைப்பதில் லாபம் இல்லை.

கேஎஸ்எம் என்பது வெவ்வேறு மெஷின்களில் ஒரே மாதிரி இருக்கும் நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கி ரேமை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. ஒருவரையொருவர் நம்பாத மெஷின்களுக்கு நடுவே இந்தப் பகிர்வு கூடாது. 'கேஎஸ்எம்டியூன்ட்' சேவையை நிறுத்தி, /சிஸ்/கர்னல்/எம்எம்/கேஎஸ்எம்/ரன் கோப்பில் 2 என்று எழுதுங்கள். சேர்ந்தவை பிரியும்போது ரேம் பயன்பாடு ஏறும், இடம் இருக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

ப்ராசஸர் சம்பந்தமே இல்லாமல் கர்னலிலேயே இருந்த ஓட்டைகளும் உண்டு. 2019 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2019-14835 அப்படிப்பட்டது. கெஸ்டின் நெட்வொர்க்கை வேகமாக்கும் விஹோஸ்ட்-நெட் பகுதியில், லைவ் மைக்ரேஷன் (ஓடும் மெஷினை வேறு சர்வருக்கு நகர்த்துவது) நடக்கும் நேரத்தில், கெஸ்ட் ஒரு பஃபரை நிரம்பி வழியச் செய்து ஹோஸ்ட் கர்னலுக்குள் எழுத முடிந்தது. படிப்பது மட்டுமல்ல, எழுதுவது. மைக்ரோகோடோ ஹைப்பர்த்ரெடிங்கோ அதில் எதுவும் செய்திருக்காது. கர்னல் அப்டேட் மட்டுமே அதை அடைத்தது. இரண்டு சர்வர் வைத்திருப்பவர்கள், அப்டேட்டுக்காக மெஷின்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும்போது, நம்பிக்கை இல்லாத மெஷினை மட்டும் நகர்த்தாமல் நிறுத்திவிட்டு மறுபுறம் துவக்குவது நல்லது.

புதிய பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு: இரண்டாம் தலைமுறை ஜியான் ஸ்கேலபிளில் எல்1டிஎஃப்பும் எம்டிஎஸ்ஸும் வன்பொருளிலேயே சரிசெய்யப்பட்டிருக்கின்றன. ஏஎம்டி எபிக் பக்கம் போனால் எல்1டிஎஃப் கவலை இல்லை. ஆனால் 2025 செப்டம்பரில் சூரிக் இடிஎச் ஆய்வாளர்கள் வெளியிட்ட விஎம்ஸ்கேப், சிவிஇ-2025-40300, ஜென் 1 முதல் ஜென் 5 வரை எல்லாவற்றையும், இன்டெலில் பலவற்றையும் தொடுகிறது. கெஸ்டிலிருந்து க்யூஇஎம்யுவின் ரகசியங்களைக் கசியவைக்கும் ஓட்டை அது. அதற்கும் அடைப்பு ஹோஸ்ட் கர்னலில்தான் வந்தது, 'விஎம்ஸ்கேப்' என்ற தனிக் கோப்பாக அதே அடைவில் தெரியும்.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ கைமாறிய சர்வர் வாங்கப் போகும்போது, அண்மைக் கர்னலோடு ஒரு லினக்ஸ் லைவ் யூஎஸ்பியை எடுத்துப் போங்கள். பணம் கொடுக்குமுன் அதில் பூட் செய்து வல்னரபிலிட்டீஸ் அடைவைப் படியுங்கள். எல்1டிஎஃப் வரியில் 'நாட் அஃபெக்டட்' என்று வராத பெட்டிக்கு விலை பேசும்போது, பாதிக் த்ரெட்கள் இல்லை என்று வைத்தே பேசுங்கள்.